பாவாடை கட்டிய வண்டி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓடுகிற மின்விசிறியின் மேல் அடித்துச் சத்தியம் செய்யலாம். விரல் போய்விடும் என்பதால், நின்றுகொண்டிருக்கிற விசிறியின் மேல் அடித்துச் செய்யப்படுகிறது. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது உண்டு, ஏனென்றால் நடந்ததை நடந்தபடியே சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

விசிறிக்காரரின் கடை தெருவின் கடைசியில், சைக்கிள் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அவருக்கு அந்த இடம் போதும், ஏனென்றால் பழுதான விசிறியை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. அதைத் தரையில் வைத்து ஓடவிட்டு, பக்கத்தில் நின்று வெறுங்காலால் கேட்பார். "பேரிங்" என்பார். "காயில்" என்பார். "இது விசிறியோட கோளாறு இல்ல, உங்க வீட்டு சுவிட்சோட கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இருபதாவது வயதில் ஒரு மேசை விசிறி அவருடைய இடது கால் சுண்டுவிரலை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்த வித்தையைக் கொடுத்தது. அது நல்ல பேரம் என்பது அவருடைய கருத்து. அன்றிலிருந்து வேலை என்று வந்துவிட்டால் அவர் செருப்புப் போடுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை, துடைப்பதற்காக ஒரு மேசை விசிறியின் தண்டைக் கழற்றி, கூண்டோடு தலையை மட்டும் முகம் குப்புறப் போட்டிருந்தார். முழங்கை சுவிட்சில் பட்டது. விசிறி ஓடியது. ஓடியது என்றால் இறக்கை மட்டும் இல்லை, விசிறியே ஓடியது. தரையை விட்டு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், எழும்பி, வாசற்படி தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிரே முடி வெட்டுகிறவரின் கடைக்குள் போய் நின்றது. நின்றதற்குக் காரணம், வயர் அவ்வளவு நீளம்தான். முடி வெட்டுகிறவர் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு அப்புறம்தான் இவரு. உட்காரச் சொல்லுங்க" என்றார்.

விசிறிக்காரருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருடமாகக் காற்றை ஆட்களின் மூஞ்சியில் அடித்து வீணாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதையே கீழே அடைத்து வைத்தால், மேலே இருப்பதைத் தூக்கிவிடும். சக்கரமும் வேண்டாம், ரோடும் வேண்டாம். வண்டிக்கும் தரைக்கும் நடுவில் அரை அங்குலக் காற்று, கையில் ஒரு ரிமோட். தண்ணீரோ, சேறோ, மணலோ, எது மேலும் தொடாமல் போகிற வண்டி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் தையல்காரர். முன்னறை ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து, வாயில் இரண்டு குண்டூசியோடு யாருக்கோ கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வெச்சு செய்யப் போறீங்க?"

"சாப்பாட்டு மேசையிலதான்."

"அப்ப நாம எங்க வெச்சு சாப்பிடறது?"

"மூணே மாசம்."

"மூணு மாசம் நின்னுக்கிட்டா சாப்பிடறது?"

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்கும்னு சொல்றாங்க."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்" என்றார் விசிறிக்காரர்.

முதல் வண்டிக்குத் துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, மேலே ஓட்டை போட்டு, தூசி உறிஞ்சுகிற மெஷினின் மோட்டாரைத் திருப்பி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் தெருவில் நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன. தொட்டி எழும்பவில்லை. மேசை எழும்பிவிட்டது, நான்கு காலும் தரையை விட்டு. மனைவி எட்டிப் பார்த்தார். உள்ளே போய், நான்கு பழைய இஸ்திரிப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேசைக் கால் ஒவ்வொன்றிலும் ஒன்றாகக் கட்டிவிட்டு, மறுபடி கோட்டு தைக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, கனம் கூடாது என்பது. இரண்டாவது வண்டிக்கு இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் தெர்மாகோல் பலகை எடுத்து, மூலைகளை வளைவாக வெட்டினார். மோட்டார் உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிய பிளைவுட். நடுவில் ஓட்டை போட்டு, பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த சின்ன விசிறியைக் கீழே ஊதும்படி பொருத்தினார். பின்பக்கம் தள்ளுவதற்கு ஒரு இறக்கை. அது மர ஸ்கேலைச் சீவிச் செய்தது. இரண்டு மோட்டாரையும் பிரித்து, தன் கையாலேயே மெல்லிய கம்பி சுற்றினார். எழுப்புவதற்கு ஒரு பேட்டரி, தள்ளுவதற்கு ஒரு பேட்டரி. திரும்புவதற்கு, இறக்கைக்குப் பின்னால் இரண்டு அட்டைத் துடுப்புகள். ரிமோட்டும் அதற்குப் பதில் பேசுகிற பெட்டியும், பழைய இரும்புக்காரரிடம் வாங்கிய, சக்கரம் போன ஒரு பொம்மைக் காரின் வயிற்றிலிருந்து வந்தன.

இந்த வண்டி எழும்பியது. ஆனால் காற்று நான்கு பக்கமும் ஒழுகியதால் ஒரு நூலுக்கு மேல் எழும்பவில்லை. தரையில் ஒரு தையல் நூல் கிடந்தால் அதில் தடுக்கி நின்றது. தையல்காரர் வீட்டில் நூல் கிடக்காத தரைக்கு எங்கே போவது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தரை போடுகிறவர். ஊரில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஜன்னல் பக்கம் அரை நூல் தாழ்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அவர் போட்ட சிமென்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஈரம் காய்வதற்கு முன்னால் அவர் தரையில் பூனைகூட நடந்ததில்லை என்பது அவருடைய பெருமை. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் கட்டுப்பல். அதனால் சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார். மானத்துக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

வண்டி நூலில் தடுக்கி நின்றதைப் பார்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"மாப்ள, இது என்ன, நோஞ்சான் ஆமையா?"

"ஓடும் மச்சான். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

"இது மட்டும் ஒரு வேலைக்கு ஆச்சுன்னா, என் பல்லக் கழட்டி உங்க கையில குடுத்துடறேன்."

"மேல் வரிசையா, கீழ் வரிசையா?"

"ரெண்டும்தான்!"

"குடுத்த வார்த்தைய மாத்தக் கூடாது" என்றார் விசிறிக்காரர். தங்கை வாயில் குண்டூசியோடு இருந்ததால் சாட்சியாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

காற்று ஒழுகாமல் இருக்க, வண்டியைச் சுற்றித் துணி கட்ட வேண்டும். இடுப்பில் கட்டி, தரை வரை தொங்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அதற்குப் பெயர் பாவாடைதான். விசிறிக்காரர் ஒரு கறுப்புக் குடையைக் கிழித்து, தானே தைத்துக் கட்டினார். மூலைகளில் துணி இழுத்துக்கொண்டு, பக்கங்களில் பொங்கி, வண்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மனைவி வந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இத யாரு தைச்சது?"

"நான்தான்."

"தைச்சதா, காயத்துக்குக் கட்டுப் போட்டதா?"

"அப்ப நீ தைச்சுக் குடேன்."

"கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல எனக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்துக் குடுத்ததில்ல. தெர்மாகோலுக்கு நான் பாவாடை தைக்கணுமாக்கும்!"

சொன்னாரே தவிர, கண் துணியை விட்டு நகரவில்லை. மோசமான தையலைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. மறுநாள் மத்தியானம் அளவெடுக்கிற நாடாவோடு வந்து வண்டிக்குச் சுற்றளவு எடுத்தார். இன்னொரு குடையை வெட்டினார். மூலைக்கு மூலை சுருக்கு வைத்தார். துணியை உள்பக்கமாக மடித்து, பை மாதிரி காற்றுப் பிடிக்கும்படி அடித்து, உள்ளே சுற்றிலும் முப்பத்தாறு ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் பொத்தான் துளைக்குப் போடுகிற தையல் போட்டார். கடைசியில் கீழ் ஓரத்துக்கு வெள்ளை லேஸ்.

"லேஸ் எதுக்கு? கனம்!"

"லேஸ் இல்லாம வெளிய போனா என் பேர்தான் கெடும்."

விசிறிக்காரர் பிளேடை எடுத்தார். லேஸின் கனத்துக்கு ஈடாகத் தெர்மாகோலில் இரண்டு கிராம் சுரண்டி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டார்கள். பாவாடை உப்பியது. வண்டி கால் விரல் நுனியில் நிற்பதுபோல மெல்ல எழுந்து நின்றது. ரிமோட்டைத் தள்ளினார். சாப்பாட்டு அறையைக் கடந்து, தையல் நூல்களைத் தாண்டி, முன்னறைக்குப் போனது. அங்கே நடுவில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. வண்டி பூனையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. பூனை விழிக்கவில்லை; மயிர் மட்டும் வகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது.

விசிறிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எப்படி?"

"நல்லா இருக்கு. மூணு மாசம் முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

"இத எடுத்துட்டுப் போக. ஓடுது, நான் இல்லன்னு சொல்லல. பூனைக்கு வகிடு எடுக்குது. வேற எதுக்கு ஆகும்? எனக்கு அந்த மேசையில உட்கார்ந்து சாப்பிடணும்ங்க."

கடைசி வாக்கியத்தில் கேலி இல்லை. அந்தக் குரலை விசிறிக்காரருக்குத் தெரியும். விசிறியில் அந்தச் சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

"ஒரு காரியத்துக்கு உதவிச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உதவிச்சுன்னா, கூடத்துல அலமாரி மேல வெச்சுக்கலாம். இல்லன்னா அவரு தள்ளுவண்டியில ஏறும்."

"நாளைக்கே காட்டறேன்" என்றார் விசிறிக்காரர். எந்தக் காரியம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் காரியத்தின் பெயரும் முகவரியும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் மூன்று காரியம் முயன்று பார்த்தார். தண்ணீர்க் குவளையை ஏற்றி அனுப்பினார். குவளை வந்தது, தண்ணீர் சுவருக்குப் போனது. நூல்கண்டை ஏற்றி அனுப்பினார். வண்டி வந்து சேர்ந்தபோது நூல் வீடு முழுக்க இருந்தது, கண்டு மட்டும் வண்டியில் இருந்தது. கத்தரிக்கோலை ஏற்றினார், கனத்துக்கு வண்டி முன்னால் மூக்குக் குத்தி, பின்னால் தூக்கிக்கொண்டு, மனைவி பார்வையைத் திருப்பிக்கொள்ளும்படி நின்றது. "முன்னால கனம் வெச்சா பின்னாலயும் வைக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போனார் அவர்.

மத்தியானம் மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. புது நூலகத்தின் பெரிய கூடத்துக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார் மச்சான். நான்கு மணிக்கு நூலகத்து அம்மையார் கமிட்டியோடு வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் மீதி எட்டு அறையும் மச்சானுக்குத்தான். மனைவி சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டார். விசிறிக்காரர் வண்டியை ஒரு போர்வையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"மச்சான் வாக்குக் குடுத்திருக்காரு. ஓடறத அவரும் பார்க்கட்டுமே."

இந்த இடத்தில் மச்சானின் வேலை முறையைச் சொல்லியாக வேண்டும். கடைசி மெருகு ஏற்றும்போது, சிமென்டு தேய்க்கிற கரணையை அழுத்துகிற வேகத்தில் அவர் பல்லையும் கடிப்பார். அப்படிக் கடித்து இரண்டு ஜோடி உடைந்திருக்கிறது. அதனால் மெருகு வேலை தொடங்கும் முன் பல் வரிசை இரண்டையும் கழற்றி, காது வைத்த ஒரு காப்பிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொள்வார். முழங்காலுக்கு இரண்டு பலகை போட்டு, மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து வருவார். ஒவ்வொரு முறையும் முதலில் பலகை, பிறகு கோப்பை, பிறகு மச்சான். முப்பது வருடமாக இந்த வரிசை மாறியதில்லை.

அவர்கள் போனபோது மச்சான் பாதிக் கூடம் முடித்து, நடுவுக்கு வந்திருந்தார். முதுகு வாசலைப் பார்த்து இருந்தது.

"மச்சான், பல்லு தயாரா?" என்றார் விசிறிக்காரர்.

மச்சான் திரும்பவில்லை. கரணை நிற்கவில்லை. பல் இல்லாத வாயில் என்னவோ சொன்னார். இங்கே படிக்கிறவர்களின் வசதிக்காகப் பல் வைத்து எழுதியிருக்கிறது.

"நோஞ்சான் ஆமைய இங்க ஏன் மாப்ள தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமை நேத்து பூனையத் தாண்டிடுச்சு."

"பூனை செத்துக் கிடந்திருக்கும்."

"உங்க தங்கச்சியக் கேளுங்க."

"அவ உங்களக் கட்டிக்கிட்டதுலயே அவ கண்ணோட லட்சணம் தெரிஞ்சு போச்சே!"

"அண்ணே, என்னய ஏன் இழுக்கறீங்க?" என்றார் தங்கை.

இப்படியே பேச்சு வளர்ந்தது. மச்சானுக்குக் கோபம் ஏற ஏற மெருகும் ஏறியது. பலகை, மச்சான், பலகை, மச்சான் என்று பின்னாலேயே வந்து, கடைசி வீச்சையும் வாசற்படி ஓரத்தில் முடித்து, எழுந்து, கை கழுவி, பதில் சொல்லுவதற்கு முன் பல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்தில் கை நீட்டினார்.

கை வெறும் காற்றில் துழாவியது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி போலப் பளபளத்த தரையின் நட்ட நடுவில், வாசலிலிருந்து இருபத்திரண்டு அடியில், கோப்பை தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் பிம்பமும் தரையில் தலைகீழாக நின்றது. மணி மூன்றே கால்.

"பலகை போட்டுப் போய் எடுத்துட்டு வந்துடுங்கண்ணே" என்றார் தங்கை.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "இறுக ஆரம்பிச்சுடுச்சு. இப்பப் பலகை வெச்சா பலகைத் தடம் நிக்கும். தேய்ச்சா நிறம் மாறும். விட்டாலோ, கோப்பை ஒட்டிக்கும். நாலு மணிக்கு அந்த அம்மா வந்து, கூடத்து நடுவுல என் பல்லப் பார்ப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்? சொல்லறதுக்கும் பல்லு அங்கதானே இருக்கு!"

கம்பு கட்டிப் பார்க்கலாம் என்றால், இருபத்திரண்டு அடிக் கம்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொடும். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்டிருந்தது.

விசிறிக்காரர் செருப்பைக் கழற்றினார்.

மச்சான் எழுந்து குறுக்கே நின்றுகொண்டார். "கால வெச்சீங்கன்னா, உறவே இல்லன்னு ஆயிடும்."

"வேலைன்னா நான் செருப்புப் போடறதில்ல மச்சான், உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, விசிறிக்காரர் நிதானமாகப் போர்வையைப் பிரித்தார். மனசுக்குள் இருந்த நிம்மதி அவர் முகத்தில் தெரியவில்லை. நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருந்த காரியம் இருபத்திரண்டு அடியில் நின்றுகொண்டிருந்தது, காது வைத்து.

மனைவியின் கொண்டை ஊசி ஒன்றை வாங்கி நிமிர்த்தி, நுனியை வளைத்து, வண்டியின் மூக்கில் கொக்கி மாதிரி மாட்டினார். கோப்பை தொங்கினால் முன்பக்கம் தாழும். ஈடாகப் பின்னால் என்ன வைப்பது? மனைவி இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். அதைப் பின்னால் வைத்து நாடாவால் கட்டினார்.

"இழுத்துட்டு வந்தா கீறல் விழும் மாப்ள!" என்றார் மச்சான்.

"யார் இழுக்கப் போறா? தூக்கப் போறேன்."

விசையைத் தட்டினார். பாவாடை உப்பியது. வண்டி வாசற்படியை விட்டு ஈரத்தரையில் இறங்கியது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தடி போனதும் ஒரு கண்ணைத் திறந்தார். தரையில் கோடு இல்லை, புள்ளி இல்லை, லேஸ் பட்ட அடையாளம்கூட இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் நிழல் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள்: பாவாடைக்கு அடியிலிருந்து வந்த காற்றுப் பட்ட இடமெல்லாம் இன்னும் ஒரு பூச்சு பளபளப்புக் கூடியது. மச்சான் தலையைச் சாய்த்துப் பார்த்து, "நான் தேய்ச்சத விட நல்லா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கோப்பைக்கு ஒரு விரற்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். காற்றைக் குறைத்தார், பாவாடை தரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பிடித்துக்கொண்டார். மூக்கும் கொக்கியும் தாழ்ந்தன. துளி முன்னால். கொக்கி கோப்பையின் காதுக்குள் நுழைந்தது. இப்போது முழுக்காற்று. வண்டி நிமிர்ந்தது, கோப்பை தரையை விட்டு எழுந்தது. உள்ளே மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்ட சத்தம் வாசல் வரை கேட்டது.

"சிரிக்குது!" என்றார் மனைவி.

திரும்பி வரும்போதுதான் சங்கதி வந்தது. பாதி வழியில், தள்ளுகிற இறக்கை முனகி நின்றுவிட்டது. காலையில் குவளைக்கும் நூல்கண்டுக்கும் செலவான பேட்டரி, தன் கணக்கை முடித்துக்கொண்டது. எழுப்புகிற விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி, பல்லோடு, பதினோரு அடியில் அந்தரத்தில் நின்றது. எழுப்புகிற பேட்டரியும் போய்விட்டால், கோப்பையோடு பாவாடையும் கத்தரிக்கோலும் சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிடும்.

மச்சான் வாசலில் நின்று ஊத ஆரம்பித்தார்.

"அண்ணே, ஊதினா அது அந்தப் பக்கம் போகும். உள்ள இழுங்க!"

மச்சான் உள்ளே இழுத்தார். பல் இல்லாத வாய் என்பதால் காற்று நன்றாகவே போனது. வண்டி ஓர் அடி வாசலை நோக்கி வந்தது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் மச்சானுக்கு மூச்சு முட்டி, முகம் நீலமாகிவிட்டது.

விசிறிக்காரர் பதறவில்லை. காதைத் தீட்டினார், இல்லை, காலைத் தீட்டினார். வாசற்படியில் வெறுங்காலை ஊன்றி நின்று கேட்டார். கட்டிடத்தில் எங்கோ ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "பேரிங் கொஞ்சம் போயிருக்கு. நிக்கிற விசிறி. பின்பக்க அறை" என்றார். ஓடினார். பெயின்டு காய்வதற்காக யாரோ ஓடவிட்டிருந்த நெட்டை விசிறியை வயரோடு தூக்கிக்கொண்டு, கட்டிடத்தைச் சுற்றி எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய், கம்பிக்கு வெளியே வைத்து, அங்கே சுவரில் இருந்த பிளக்கில் செருகி, முதல் வேகத்தில் திருப்பிவிட்டார். இரண்டாவது வேகம் வைத்திருந்தால் பல் தெருவுக்குப் போயிருக்கும். முப்பத்தெட்டு வருட அனுபவம் அங்கேதான் பேசியது.

காற்று கூடத்தைக் கடந்து வந்து வண்டியின் முதுகில் மெல்லக் கை வைத்தது. வண்டி நகர்ந்தது. பத்தடி, எட்டடி, நாலடி. மனைவி வாசற்படியில் மண்டியிட்டு, முந்தானையை விரித்துப் பிடித்தார். எழுப்புகிற விசிறி கடைசி மூச்சை விட்ட அதே நொடியில், பாவாடையின் லேஸ் வாசற்படியைத் தாண்டியது.

விசிறிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கோப்பையைக் கொக்கியிலிருந்து எடுத்து, உள்ளே பார்த்தார். தண்ணீர் ஒரு துளி சிந்தவில்லை.

"மச்சான்" என்றார், "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க. ரெண்டு வரிசையும் என் கையில இருக்கு."

மச்சான் பல்லைப் போட்டுக்கொண்டார். மேலும் கீழும் ஒருமுறை கடித்துப் பார்த்தார்.  கடைசியில், "சாப்பாடு ஆறிப் போச்சு" என்றார்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நூலகத்து அம்மையார் கமிட்டியோடு வந்துவிட்டார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரும் இதுல நடக்கலியே?"

"பூனைகூட நடக்கலீங்க" என்றார் மச்சான், பல் தெரிய.

மீதி எட்டு அறையும் மச்சானுக்கே என்று அங்கேயே முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து மணி அடித்தார். விசிறிக்காரரும் மனைவியும் சாப்பாட்டு மேசையில், எதிரெதிரே, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி அலமாரி மேல் இருந்தது. லேஸ் புதிதாகத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"பழசு ஏதோ இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"இருக்குங்க. எதிர்லதான் உட்கார்ந்திருக்கு" என்றார் மனைவி. "ஆனா இப்ப நல்லா ஓடுது. விட்டுடுங்க."

அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். பெரிய கூடத்தின் தரையில் வாசலிலிருந்து நட்ட நடு வரை பதினோரு காலடித் தடம் போகிறது, அங்கிருந்து பதினோரு காலடித் தடம் திரும்பி வருகிறது. எல்லாம் வெறுங்கால், இடது காலுக்கு நான்கே விரல்.